விசிலைத் திட்டி என்ன பயன்?

பெங்களூரில் கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்து ஆட்டம் முடிந்து, வாசலில் பை டூ காபிக்கு நிற்கும் கூட்டத்தோடு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். யார் எத்தனை புள்ளி போட்டார்கள், எந்தக் குவார்ட்டரில் ஆட்டம் கைநழுவியது என்ற பேச்சே இருக்காது. தோற்ற பையன்கள், "ரெஃப்ரிதான் கவுத்துட்டான் மச்சா" என்பார்கள். ஜெயித்தவர்கள், "ரெஃப்ரி அவங்க பக்கம் நின்னும் ஜெயிச்சோம்ல" என்பார்கள். அப்பாக்கள், பழைய ஆட்டக்காரர்கள், பிசிக்கல் டைரக்டர்கள் வரை இதே பாட்டுத்தான். ஒருவர் கன்னடத்தில் "கண்ணு காணல்வா?" என்று ஆரம்பித்தால், அல்சூர்க்காரர் ஒருவர் அதைத் தமிழில் முடித்து வைப்பார். மொழி, கல்லூரி, பேட்டை எல்லாவற்றையும் தாண்டி இந்த ஊர் ரசிகர்கள் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சின்னக் கல்லூரி ஆட்டத்தின் முடிவை நடுவர்தான் எழுதுகிறார்.

இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை. உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்களைக் காப்பாற்றியும் விடுகிறது. நடுவர்கள் தவறே செய்வதில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. செய்கிறார்கள், தினமும் செய்கிறார்கள். ஆனால் ரசிகர்கள் அடுக்கும் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட அவர்கள் நினைப்பதை நிரூபிக்காது.

முதல் சான்று ஃபவுல் கணக்கு. "எங்களுக்குப் பதினெட்டு ஃபவுல், அவங்களுக்கு ஒன்பது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு அணிகளும் ஒரே விதமாக ஆடினால்தானே ஃபவுலும் ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும்? மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டி நின்று பிரெஸ் போடும் அணி கைநீட்டிக்கொண்டேதான் இருக்கும். ஜோன் போட்டுக் கூடைக்கடியில் கூட்டமாக நிற்கும் அணிக்கு அந்த ஆபத்து குறைவு. ஒரு அணி பந்தை உள்ளே கொண்டுபோய்த் தாக்க, இன்னொரு அணி வெளியிலிருந்தே மூன்று புள்ளிக்கு வீசிக்கொண்டிருந்தால், உள்ளே போகிறவர்கள்மேல்தான் அதிகம் மோதல் நடக்கும். ஆக, ஃபவுல் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது இயல்பான விஷயம்.

சந்தேகப்பட வேண்டியது நேர்மாறான நிலையை, கணக்கு சமமாக வருவதை. கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் என்ற இருவர், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 2004-05 பருவத்தின் 365 ஆட்டங்களை எடுத்து அலசி, 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரு அணிகளின் ஃபவுல் எண்ணிக்கைக்கு நடுவில் இடைவெளி எந்த அளவுக்கு விரிகிறதோ, அடுத்த விசில் குறைவான ஃபவுல் உள்ள அணிமேல் விழும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதாவது நடுவர் தன்னை அறியாமலேயே கணக்கைச் சமன் செய்யப் பார்க்கிறார். "பதினெட்டுக்கு ஒன்பது" என்று நாம் கூச்சல் போடும்போது அவரை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறோம். நேர்மையான நடுவரைச் சமரசம் செய்யச் சொல்லிவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறோம்.

இரண்டாவது சான்று கண்ணால் கண்டது. "மூணு ஸ்டெப் வச்சான், டிராவலிங் கொடுக்கல." இதைச் சொல்கிறவரிடம் 2017இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதி மாறியது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டத்தில் இருக்கும் ஆட்டக்காரர் பந்தைக் கைக்குள் வாங்கும் நேரத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு. பந்தை வாங்கிய கணம் எது என்று பார்க்காமல் காலை மட்டும் எண்ணுகிறவருக்கு அது மூன்றாகத்தான் தெரியும். மோதலில் தவறு தடுத்தவருடையதா (பிளாக்), மோதியவருடையதா (சார்ஜ்) என்ற சண்டையிலும் இதே கதை. "டிஃபெண்டர் அசைந்துகொண்டிருந்தான், அப்போ அது பிளாக்தானே?" என்பார்கள். இல்லை. இரு காலையும் தரையில் ஊன்றி, எதிராளியை நேராகப் பார்த்து ஒருமுறை இடம் பிடித்துவிட்டால், அந்த இடத்தைக் காத்துக்கொள்ளப் பக்கவாட்டிலோ பின்னாலோ நகர அவருக்கு உரிமை உண்டு. கைகளை நேராக மேலே தூக்கிக் குதிக்கவும் உரிமை உண்டு. நின்ற இடத்தில் சிலையாக இருந்தால்தான் சார்ஜ் என்பது கேலரி எழுதிக்கொண்ட விதி. போதாக்குறைக்கு, கூடைக்கடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் இருக்கிறது, 2010இல் வந்தது. டிஃபெண்டர் அதற்குள் நின்றிருந்தால், மேலெழும்பி வருகிறவர் மோதினாலும் பொதுவாக சார்ஜ் கிடையாது. பல கல்லூரி சிமெண்ட் மைதானங்களில் அந்தக் கோடே பாதி அழிந்து கிடக்கும். நடுவர் மனக்கணக்கில்தான் அதை வரைந்துகொள்ள வேண்டும்.

இடத்தையும் பார்க்க வேண்டும். ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதில் பத்துப் பேர். கல்லூரிப் போட்டிகளில் பெரும்பாலும் நடுவர் இருவர்தான். ஒருவர் எண்ட் லைனில் நின்று கூடைக்கடியில் நடப்பதைப் பார்ப்பார், இன்னொருவர் பின்னாலிருந்து பந்தையும் வெளி ஆட்டத்தையும் பார்ப்பார். பந்து இல்லாத பக்கத்தில், ஸ்கிரீன் போடும் இடத்தில், பனியனைப் பிடித்து இழுக்கும்போது பார்ப்பதற்கு ஆளே கிடையாது. பெரிய போட்டிகளில் மூன்றாவது நடுவரை வைப்பது இதற்காகத்தான். கேலரியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று தெரியும், சரி. ஆனால் அது நடுவரின் கண் கோளாறா? மூன்றாவது ஆளுக்குப் பணம் ஒதுக்காதவரின் கோளாறா?

மூன்றாவது சான்று கடைசி நிமிடம். "பத்து செகண்ட் இருக்கும்போது அந்த ஒரு ஃபவுல்தான் மேட்ச்சையே மாத்துச்சு." நாற்பது நிமிட ஆட்டத்தில் கடைசிப் பத்து வினாடியில் கிடைக்கும் புள்ளிக்கும் முதல் நிமிடத்தில் கிடைக்கும் புள்ளிக்கும் மதிப்பில் வித்தியாசம் இல்லை. இருபது ஃப்ரீ த்ரோ எடுத்து அதில் பத்தைக் கோட்டைவிட்ட அணி மூன்று புள்ளியில் தோற்றால், தோற்கடித்தது யார்? ஃப்ரீ த்ரோ எடுப்பவனை யாரும் தடுப்பதில்லை, தள்ளுவதில்லை. விசிலுக்கும் அங்கே வேலையில்லை. ஆனால் விட்டுப்போன அந்தப் பத்தைப் பற்றி வாசலில் யாரும் பேசுவதில்லை. பேசினால் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டி வரும். நடுவரைப் பேசினால் யாருக்கும் வேலை மிச்சமிருக்காது.

நான்காவது சான்றுதான் கனமானது. போட்டியை நடத்தும் கல்லூரிக்கே விசில் சாதகமாக ஊதுகிறது என்பது. இதை நான் மறுக்கவில்லை. சொந்த மைதான ஆதாயம் உலகம் முழுக்க உண்டு. அதில் நடுவருக்குப் பங்கு உண்டு என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தில் ஆலன் நெவில் குழுவினர் 2002இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு ரசிகர் கூச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். கூச்சலைக் கேட்டவர்கள், சொந்த மைதான அணிக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அவர்களுக்கு யாரும் கைக்கூலி கொடுக்கவில்லை. பிரியாணி வாங்கித் தரவில்லை. சத்தம் மட்டும்தான்.

அப்படியானால் குற்றவாளிக் கூண்டில் யார் ஏற வேண்டும்? தமட்டெப் பறை அடிப்பது யார்? எதிரணி ஃப்ரீ த்ரோ எடுக்கும்போது இரும்புத் தகட்டைத் தட்டுவது யார்? நம் கல்லூரி மைதானத்தில் நாம் நடுவரை மிரட்டுகிறோம். அடுத்த வாரம் அவர்கள் மைதானத்துக்குப் போகும்போது அவர்கள் மிரட்டுகிறார்கள். அதைப் பிறகு "செட்டிங்" என்கிறோம். 2017 ஜூலையில் பெங்களூரில் பெண்கள் ஆசியக் கோப்பை நடந்தது. பி பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று மேல் பிரிவுக்கு ஏறியது. சொந்த ஊர், சொந்தக் கூட்டம், இரண்டே புள்ளி வித்தியாசம். ஹோம் விசில் நமக்கு உதவியிருக்குமோ என்று நம்மில் யாராவது கேட்டோமா? அது வீரம். அதே இரண்டு புள்ளியில் பக்கத்துக் கல்லூரி நம்மைத் தோற்கடித்தால் மட்டும் அது சதி.

லஞ்சம் என்ற வார்த்தையையும் நேராகவே எடுத்துக்கொள்வோம். நடுவர்கள் விலைபோனதே இல்லையா? போயிருக்கிறார்கள். என்பிஏ நடுவர் டிம் டோனகி, தான் விசில் ஊதிய ஆட்டங்களிலேயே சூதாட்டத்தில் சிக்கி 2007இல் வெளியேறினார். 2008இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் எப்படிப் பிடிபட்டார் என்று பாருங்கள். கேலரிக் கூச்சலால் அல்ல. அமெரிக்காவின் எஃப்பிஐ விசாரணையால். பின்னர், 2015 முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் நடுவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் சரியா தவறா என்று என்பிஏ தானே அறிக்கை வெளியிடுகிறது. அதையும் ரசிகர்கள் திட்டுகிறார்கள்; ஆனால் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு திட்டுகிறார்கள். நம் ஊரில் நடுவரைத் திருடன் என்று சொல்கிறவரிடம் என்ன இருக்கிறது? போன மாதம் நடந்த ஆட்டத்தில் எந்த அணிக்கு எத்தனை ஃபவுல், எத்தனை ஃப்ரீ த்ரோ என்ற கணக்காவது இருக்கிறதா? ஆண்டர்சனும் பியர்ஸும் இங்கே வந்தால் அவர்களுக்கு முதல் நாளே வேலை போய்விடும். அலசுவதற்கு ஏடு வேண்டுமே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்லி ரசிகர்களை மடக்கிவிட்டு நான் எழுந்து போகலாம். அது எனக்கு ஒப்பவில்லை. கூடம் கோணல்தான். ஆனால் கோணல் விசிலில் இல்லை, மேஜையில் இருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதே இல்லை.

ஆடுகளத்துக்கு வெளியே, நடுக்கோட்டை ஒட்டி ஒரு மேஜை. விதிப்படி அதில் நான்கு பேர்: ஸ்கோரர், துணை ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் இயக்குபவர். ஸ்கோரர் முன்னால் விரித்து வைத்திருக்கும் தாளை ஒருமுறை குனிந்து பாருங்கள். வலது பாதி முழுக்க 1 முதல் ஓடும் எண் வரிசை. இரண்டு புள்ளி விழுந்தால் அந்த எண்ணின்மேல் சாய்கோடு. ஃப்ரீ த்ரோ என்றால் முழுதாக நிரப்பிய புள்ளி. மூன்று புள்ளி என்றால் போட்டவரின் பனியன் எண்ணைச் சுற்றி வட்டம். முதல், மூன்றாம் குவார்ட்டரைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். மற்றவற்றை நீலத்திலோ கருப்பிலோ. இடது பக்கம் ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயருக்கு நேரே ஐந்து கட்டங்கள். சாதாரண ஃபவுலுக்கு ஒரு பி, டெக்னிகலுக்கு ஒரு டி, அதன் காலடியில் கொடுத்த ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை. அணிக் கணக்குக்கு ஒவ்வொரு குவார்ட்டருக்கும் நான்கு கட்டங்கள். நான்கும் அடிபட்டுவிட்டால், ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இதைச் சரியாக எழுதத் தெரிந்தவர் ஆட்டத்தையே திரும்ப வாசித்துக் காட்டலாம்.

சின்னக் கல்லூரிப் போட்டியில் இந்த மேஜையில் யார் உட்கார்கிறார்கள்? அன்று காலை பிசிக்கல் டைரக்டர் கூப்பிட்டு உட்கார வைத்த இரண்டாம் ஆண்டு மாணவர்கள். யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். நண்பன் கூடை போட்டால் எழுந்து கைதட்டுவார்கள். பந்து அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேனாவைத் தேடுவார்கள். வீசிய பந்து வளையத்தில் பட்டு, தாக்கும் அணியே அதைத் திரும்பப் பிடித்தால் ஷாட் கிளாக் 14க்கு வர வேண்டும். வளையத்தைத் தொடவே இல்லையென்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இவர்கள் எதற்கும் 24 அழுத்துவார்கள். நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு கூடை விழுந்ததும் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், இவர்கள் ஓடவிடுவார்கள். நான்காவது அணி ஃபவுலா ஐந்தாவதா என்று நடுவர் மேஜைக்கு வந்து கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு கட்டம் விட்டுப்போனால் இரண்டு ஃப்ரீ த்ரோ போச்சு. மூன்று முறை கடிகாரம் ஓடிவிட்டால் ஒரு முழுத் தாக்குதலுக்கான நேரம் போச்சு. கேலரி இதில் எதையும் கவனிப்பதில்லை, விசிலைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

கூடைப்பந்து வரலாற்றின் மிகப் பெரிய தகராறும் மேஜையில் வெடித்ததுதான். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டம். மூன்று வினாடி மிச்சமிருக்க அமெரிக்கா 50-49 என்று முன்னிலை. டைம் அவுட் கேட்டார்களா இல்லையா, ஹார்ன் எப்போது அடித்தது, கடிகாரம் சரியாகத் திருப்பி வைக்கப்பட்டதா என்ற குழப்பத்தில் அந்த மூன்று வினாடியைத் திரும்பத் திரும்ப ஆடவைத்தார்கள். கடைசியில் அலெக்சாண்டர் பெலோவ் போட்ட கூடையில் சோவியத் யூனியன் 51-50 என்று வென்றது. அமெரிக்கர்கள் முறையீடு செய்தார்கள். ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றம் 3-2 என்று அதைத் தள்ளியது. அந்த வெள்ளிப் பதக்கங்களை அவர்கள் இன்றுவரை வாங்கவில்லை. அரை நூற்றாண்டாக உலகம் சண்டை போடுவது கடிகாரத்தைப் பற்றி.

ஃபீபாவின் விதிப் புத்தகமும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறது. தோற்ற அணி முடிவை எதிர்த்து முறையிட வழி இருக்கிறது. ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள், ஸ்கோர் ஷீட்டில் அதற்கென்றே இருக்கும் இடத்தில் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். எதை எதிர்த்து முறையிடலாம்? புள்ளிக் கணக்கில் தவறு, கடிகாரத்தில் தவறு, ஷாட் கிளாக்கில் தவறு, தகுதியில்லாத ஆட்டக்காரர் இறங்கியது, ஆட்டத்தை ரத்து செய்தது போன்ற முடிவுகள். "அது ஃபவுலே இல்லை" என்று முறையிட இடமே கிடையாது. எது தீர்ப்பு, எது கணக்கு என்று விதி பிரித்து வைத்திருக்கிறது. தீர்ப்பில் மனிதத் தவறு நேரும், அதைத் தாங்கிக்கொள். கணக்கில் தவறு நேரக்கூடாது, அதைக் கேள். நாம் நேர்த்தலைகீழாகச் செய்கிறோம். தீர்ப்புக்குத் தொண்டை கிழியக் கத்துகிறோம். கணக்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கையெழுத்துக்கு அப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்த கேப்டன்கள் எத்தனை பேர்?

இந்தத் தவறான கோபத்துக்கு ஒரு விலையும் உண்டு. நம் ஊர் நடுவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறவர்கள். உடற்கல்வி ஆசிரியர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள். லீவு நாளில் வெயிலில் சிமெண்ட் தரையில் அடுத்தடுத்து ஆட்டங்களை ஓடி முடிக்கிறார்கள். அம்மா, அக்காவை இழுத்துத் திட்டு வாங்குவதற்கு எந்த இளைஞன் விசிலைக் கையில் எடுப்பான்? அமெரிக்காவில் 2018-19க்குப் பிறகு பள்ளி விளையாட்டுகளிலிருந்து சுமார் 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாக அந்த நாட்டுப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பே சொன்னது. நல்லவர்கள் போனால் மிஞ்சுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திட்டித் திட்டி நடுவரின் தரத்தை உயர்த்திய ஊர் எதுவும் கிடையாது.

"நடுவரும் மனுஷன்தானே, விட்டுடுங்க" என்று சமாதானம் பேசும் பெரியவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களும் சேர்ந்தேதான் ஒழுங்கீனத்தை மூடி மறைக்கிறார்கள். திட்டுவதும் வேண்டாம், விடுவதும் வேண்டாம். கேளுங்கள். போட்டியை நடத்தும் கல்லூரி, தன் ஊழியரையே தன் ஆட்டத்துக்கு நடுவராக்கக் கூடாது. மேஜையில் உட்காரும் மாணவர்களுக்குப் போட்டிக்கு முன் ஒருநாள் முழுக்கப் பயிற்சி வேண்டும். அரையிறுதி முதலாவது மூன்று நடுவர் வேண்டும். ஒரு மூலையில் ஒரு போனை நிறுத்தி ஆட்டம் முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றன்று மாலையே ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டும் நோட்டீஸ் போர்டில் ஏற வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. கல்லூரி விழாவில் மேடை விளக்குக்கு ஆகும் பணத்தில் பாதிகூட ஆகாது.

ஃபீபா படிவத்தில் தோற்ற அணிக்கென்றே மஞ்சள் நிறத்தில் ஒரு நகல் உண்டு. அடுத்த முறை உங்கள் கல்லூரி தோற்றால் வாசலுக்குப் போகாதீர்கள். மேஜைக்குப் போய் அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குவார்ட்டரையும் கூட்டிப் பாருங்கள், ஃபவுல் கட்டங்களை எண்ணுங்கள், விட்ட ஃப்ரீ த்ரோக்களையும் எண்ணுங்கள். கணக்கில் பிழை இருந்தால் கேப்டனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பிழை இல்லையென்றால் மறுநாள் காலை பயிற்சிக்குப் போகச் சொல்லுங்கள். நகல் தர மாட்டேன் என்று மேஜையில் சொன்னால், அப்போது கத்துங்கள். அந்தக் கூச்சலில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.